கட்டிலுக்கடியில் ஒரு சாக்கு

ஹலோ… ஹலோ… சங்கரபாண்டியன் சாருங்களா?… அப்பாடா! காலைல இருந்து ஒம்பது தடவ அடிச்சிட்டேன் சார்… நாந்தான், காரியாபட்டி பிள்ளைக இல்லத்துல இருந்து வார்டன் கற்பகவல்லி… ஆமா, ஆமா, அதே கற்பகவல்லிதான், போன மாசம் பேனு ஓடலன்னு சண்டை போட்டவ… இல்ல சார், இன்னைக்குப் பேனு இல்ல.

வேன் வந்து வாசல்ல நிக்குது சார்… உங்க பிள்ளைத் தொழிலாளர் மீட்பு ஆபீசு வேன்தான். முத்துப்பேச்சியக் கூட்டிட்டுப் போகணுமாம்… என்ன சார், அனுப்புனது நீங்க, உங்களுக்கே தெரியலன்னா நான் யார்ட்டப் போய்க் கேக்க?…

முத்துப்பேச்சி சார். பதிமூணு வயசு. விஸ்வநத்தத்துல ஒரு வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல, வெடிக்குப் பேப்பர்க் குழாய் சுத்திக்கிட்டு இருந்தா. ரெண்டு வருசத்துக்கு முன்னால நீங்கள்லாம் போய்க் கூட்டியாந்தீகள்ல… இல்ல, நீங்க சொல்றது அழகுமீனா. அவ தீப்பெட்டி ஆபீசு. இது வேற பிள்ள… ஆங், அவளேதான். வலது கையில ஆள்காட்டி விரலு நிமிராது, அந்தப் பிள்ள.

ஆமா… ஆமா சார், ஆர்டரு கையிலதான் இருக்கு. படிக்கவா? ‘இரண்டு ஆண்டு பராமரிப்பு நிறைவுற்றது. சிறுமி கைத்தொழில் கற்றுத் தேர்ந்துள்ளார். உறவினரிடம் ஒப்படைக்கலாம்.’ உறவினரு யாருன்னு பாத்தீகளா?… வெள்ளைத்துரை. தாய்மாமன். அந்த ஷெட்டுல அவள உக்கார வச்சதே அந்த மாமந்தான் சார்!…

எழுதிக் குடுத்திருக்காரா? இனிமே வேலைக்கு விடமாட்டேன்னா?… நல்லா எழுதுவாரு. தீவாளி சீசன், அங்கன வெடி ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. எழுதிக் குடுத்த பேப்பரையும் சேத்துக் குழாயா சுத்திருவாரு… நான் நக்கல் பண்ணல சார். வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

இருங்க சார், ஒரு நிமிசம்… செல்லத்தாயி, அந்த டிரைவர் தம்பிக்கு மோரு குடு. ஆரன் அடிக்க வேண்டாம்னு சொல்லு, பிள்ளைக பயப்படுதுக… ஆங், சொல்லுங்க சார்.

ரெண்டு வருசம்தான் கணக்கா?… ரெண்டு வருசத்துல எல்லாம் சரியாப் போயிரும்னு எந்த மகராசன் எழுதி வச்சான்?… சார், முத ஆறு மாசம் இந்தப் பிள்ள வாயே தொறக்கல. தட்டுல போட்டதத் தின்னுச்சு, போடலன்னா பேசாம உக்காந்திருந்துச்சு. இப்பத்தான், இந்த ஆனியிலதான், அடுப்படிக்கு வந்து ‘பசிக்குது’ன்னு கேட்டா. நானும் சமையக்கார செல்லத்தாயும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு அழுதோம். இப்பப் போய் அனுப்புன்னா எப்படி?…

பத்தாவது முடிக்கட்டும் சார். அதுவரைக்கும் இங்கன இருக்கட்டும். நான் கேக்குறது அம்புட்டுத்தான்…

வீட்டுல இருந்தே தொழில் செய்யலாமா?… அங்கனயும் வீட்டுலதான சார் செஞ்சா?… சரி, எந்தக் கைத்தொழிலு? அதச் சொல்லுங்க மொதல்ல. இங்கன நாங்க எழுத்தும் கணக்கும் சொல்லிக் குடுக்கோம். தையல் மிசினு கூட ஊசி ஒடிஞ்சு கெடக்கு. அவ என்னத்தக் கத்துத் தேர்ந்தா?…

போட்டோவா?… எந்த போட்டோ?…

…

ஆமா.

ஆமா சார். அது… அது நான் அனுப்புனதுதான்.

இல்ல, இல்ல, லைன்லதான் இருக்கேன்… சித்திரையில பெரியவக எல்லாம் பாக்க வந்தீகள்ல. காகிதத்துல தோரணம் செய்யச் சொல்லிப் பிள்ளைகள உக்கார வச்சேன். மத்ததுக பூ வெட்டுச்சுக. இவ ஒரு குடைக்கம்பிய எடுத்தா. பேப்பர அதுல வச்சுச் சுத்துனா பாருங்க… கண்ணு பாக்குறதுக்குள்ள ஒண்ணு, கண்ணு பாக்குறதுக்குள்ள ஒண்ணு. எல்லாரும் கைதட்டுனீக… நானும்தான் தட்டுனேன். ரெண்டு லட்டு குடுத்தேன். போட்டோ எடுத்துக் குரூப்புல போட்டேன். ‘எங்கள் இல்லத்தில் கற்ற கைத்திறன்’னு கீழ எழுதுனதும் நாந்தான். எனக்குப் பெருமை, பெரியவக முன்னால… என்னய நானே செருப்பால அடிச்சுக்கிடணும் சார்.

அது இங்கன கத்தது இல்ல. ஒம்பது வயசுல இருந்து அந்த ஷெட்டுல கத்தது. எதுல இருந்து மீட்டோமோ, அதையே நாம சொல்லிக் குடுத்ததுன்னு எழுதி, அந்த எடத்துக்கே திருப்பி அனுப்புறோம்… கோவப்படாதீக. நான் உங்கள மட்டும் சொல்லல. என்னயும் சேத்துத்தான் சொல்றேன்.

இன்னும் கேளுங்க… ஒரு டீ குடிக்கிற நேரம் சார், கேளுங்க.

இன்னைக்குக் காலைல அவ கட்டில்ல எறும்பு சாரை சாரையா ஏறுது. தீனி எதையோ ஒளிச்சு வச்சிருக்கான்னு நெனச்சு நல்லா ஏசுனேன். குனிஞ்சு பாத்தா அடியில ஒரு சாக்கு. இழுத்துக் கொட்டுனா… பேப்பர்க் குழாய் சார். அம்புட்டும் பேப்பர்க் குழாய். பழைய பேப்பர், கிழிச்ச நோட்டு, நான் திருத்திக் குடுத்த பரீட்சைத் தாளு கூட இருக்கு. தட்டுல இருந்து சோத்த மிச்சம் பிடிச்சு, அதப் பசையாக்கி ஒட்டியிருக்கா. அதுக்குத்தான் எறும்பு.

பன்னெண்டு பன்னெண்டா கட்டி, பன்னெண்டு கட்டு சேந்ததும் ஒரு துணியில முடிச்சு வச்சிருக்கா. ஆமா, நூத்திநாப்பத்திநாலு ஒரு குரோசு, அந்தக் கணக்கு. விஸ்வநத்தத்துல எப்படி எண்ணுவாகளோ அதே மாதிரி. பதினோரு குரோசு இருக்கு, ராத்திரி ராத்திரியா முழிச்சுச் சுத்துனது… வெளையாட்டா? நானும் அப்படித்தான் நெனச்சேன். எதுக்குத்தா இதுன்னு கேட்டேன்.

‘நான் சுத்துனப்ப எல்லாரும் சந்தோசப்பட்டீகள்லம்மா. அதான் இங்கன இருக்குறதுக்கு’ன்னா.

…

கேக்குதா சார்?… இங்கன இருக்குறதுக்கு. போன வாரம் ஆர்டரு வந்ததப் பத்தி நானும் செல்லத்தாயும் பேசுனதக் கேட்டிருக்கா. ‘இது பத்தாதாம்மா? இன்னொரு குரோசு சுத்துனா அனுப்ப மாட்டீகளா’ன்னு கேக்குறா. நான் என்ன சொல்ல? நீங்களே சொல்லுங்க, நான் என்ன சொல்ல?…

சோறு போடுறதுக்கு, பாயி குடுக்குறதுக்கு, வேலை செஞ்சாத்தான் வச்சுக்கிடுவாகன்னு அந்தப் பிள்ள ரெண்டு வருசம் கழிச்சும் நெனைக்கிது. இவ தேறிட்டாளா? நீங்க பைலை மூடப் போறீகளா?…

என்ன?… மனு எழுதணுமா?… எழுதுறேன்… இருக்குற அறிக்கைய மீறி நிப்பாட்ட முடியாதா? அறிக்கைக்கு அந்தப் போட்டோக் குறிப்ப யார் குடுத்தது? நாந்தான. அத நானே பொய்யின்னு எழுதித் தாறேன். ‘மேற்படி கைத்தொழில் இந்த இல்லத்தில் கற்றுத்தரப்படவில்லை. என் குறிப்பு தவறு. சிறுமி இன்னும் தேறவில்லை.’ கற்பகவல்லி, வார்டன், தேதி போட்டு. போதுமா?…

தெரியும் சார்… ஆமா, மெமோ வரும். ஆமா, விளக்கம் கேப்பாக… வேலைக்கே ஒல வச்சாலும் வைக்கட்டும். ரெண்டு லட்டும் கைதட்டும் குடுத்து ஒரு பிள்ளைய ராத்தூக்கம் இல்லாம ஆக்கியிருக்கேன், அதுக்கு மெமோ வாங்குறது ஒண்ணும் பெருசு இல்ல… சத்தியமா எழுதுறேன். அஞ்சு நிமிசத்துல போட்டோ எடுத்து உங்க நம்பருக்கு அனுப்புறேன். வேனத் திருப்பச் சொல்லுங்க.

திங்கக்கெழம கமிட்டியா?… வாறேன். சாக்கையும் தூக்கிட்டு வாறேன். அங்கன மேசையில கொட்டுறேன், கமிட்டிக்காரக எண்ணிப் பாக்கட்டும்… என்னது, அதுவரைக்கும் மாமன் வீட்டுல இருக்கட்டுமா? சார்!… மூணு நாள்தானா? மூணு நாள்ல அவ மிச்ச விரலும் மடங்கிரும்… ஒப்படைப்புப் பதிவேட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். போடாம டிரைவர் எப்படிக் கூட்டிட்டுப் போவாருன்னு நானும் பாக்குறேன்…

எரிஞ்சு விழல சார். கெஞ்சுறேன். எங்குரலே இப்படித்தான்…

என்னது? சரியா கேக்கல, டவர் போகுது, சன்னல்கிட்ட வாறேன்… ஆங்… ‘சரி, பாப்போம்’னா? என்ன சார் இது. ‘சரி’ மட்டும் சொல்லுங்க, அந்தப் ‘பாப்போம்’ வேண்டாம்… டிரைவர் நாலு மணிக்கு வேற எடத்துக்குப் போகணுமா? போகட்டும், வெறும் வண்டியா போகட்டும், நான் வேண்டாம்னா சொன்னேன்? நீங்க ஒரு வார்த்த… சார்?… ஹலோ?… ஹலோ!…

கட்டாயிருச்சு. அவரா வச்சாரோ, தானா போச்சோ.

…தம்பி, பாண்டிராஜு! மோரு குடிச்சீகளா? வேனத் திருப்புங்க. சார்ட்டப் பேசிட்டேன், ‘சரி’ன்னுட்டாரு… ஆமா, ‘சரி’ன்னுதான் சொன்னாரு, எங் காதால கேட்டேன். போயிட்டு வாங்க.

ஏ பிள்ள, முத்துப்பேச்சி. எதுக்கு இங்கன நிக்க?… பையத் தோள்ல இருந்து எறக்கு. கையில என்னது?… இன்னைக்கு உள்ளதா? பன்னெண்டாவது குரோசா?… குடு, எங்கிட்டக் குடு. அந்தக் குடைக்கம்பியையும் குடு.

போயி சும்மா உக்காரு தாயி. ஒண்ணும் செய்யாத. ஒண்ணும் செய்யாட்டியும் இங்கனதான் இருப்ப.