டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில் ஒன்றரை அடி

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளில் தனியே எழுதி வாங்கப்பட்டன. எனக்கு வயது நாற்பத்து நான்கு. பேருந்துப் பணிமனைக்குப் பின்புறத் தெருவில் இருபது வருடமாக டீசல் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இடது கையால் வேலை செய்வதால் தொழிலில் என்னை 'லெஃப்டு' என்று கூப்பிடுவார்கள். இம்மாதம் பதினோராம் தேதி இதே நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் நான் சொன்ன ஒன்று சரியல்ல. அதற்குப் பிறகு சொல்லாமல் விட்டது ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சொல்வதற்காக இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்தேன்.

வழக்கில் உள்ள பிக்கப் வண்டி காலஞ்சென்ற என் அண்ணனுடையது. வாங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் மாரடைப்பில் இறந்த பிறகு, என் அண்ணி, வயது ஐம்பத்தொன்று, உரிமம் எடுத்துத் தானே அதை ஓட்டி வருகிறார். சலவைக்கூடத்திலிருந்து துவைத்த விரிப்புகளை மருத்துவமனையில் இறக்கிவிட்டு, அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்புவது அவர் வேலை. மருத்துவமனை மேட்டின் உச்சியில் இருக்கிறது. அங்கே போக வேறு வழி கிடையாது.

சென்ற மாதம் முதல் வாரத்தில் அண்ணி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "தம்பி, பாதி மேடு ஏறினதும் திடீர்னு இழுவையே இல்லாமப் போயிடுது. ஆக்ஸிலேட்டர மிதிச்சா மிதி கீழ போகுது, வண்டி போகமாட்டேங்குது. பின்னாலேருந்து யாரோ கயிறு கட்டி இழுக்குற மாதிரி இருக்கு" என்றார். நான் டீசல் ஃபில்டரை மாற்றினேன், காற்று ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தேன், தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். வண்டி நன்றாக ஓடியது. கொடுத்து அனுப்பினேன்.

அதன் பிறகு பத்து நாள் கழித்து அதே குறையோடு மறுபடியும் வந்தார். நான் மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அன்று பட்டறையில் நான்கு வண்டிகள் நின்றன. "அண்ணி, நீங்க கிளட்ச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுறீங்க, அதான் இழுக்கல. வண்டில ஒண்ணும் இல்ல" என்று நான் சொன்னேன். அவர் தன் பாதத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றார். அன்றிலிருந்து அவர் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டினார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இம்மாதம் ஒன்பதாம் தேதி காலை பதினொரு மணி அளவில் அண்ணி கைபேசியில் என்னை அழைத்து, "மேட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னார். நான் உடனே போனேன். இரண்டாவது வளைவில் வண்டி சாலைக்குக் குறுக்காக நின்றிருந்தது. வளைவில் இழுவை போய், எஞ்சின் திணறி நின்றுவிட்டது என்றும், பிரேக் மிதி இரண்டு முறை இறங்கிவிட்டு மூன்றாம் முறை கல்லாகிவிட்டது என்றும், கைப்பிரேக்கை இழுத்துப் பிடிப்பதற்குள் வண்டி பின்னோக்கி உருண்டு, பின்னால் ஸ்கூட்டரில் நின்ற தபால்காரர்மேல் மோதிவிட்டது என்றும் அண்ணி சொன்னார். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவி கிடைக்காது, மிதி இறுகிவிடும். அது எனக்குத் தெரியும். தபால்காரருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அண்ணி வெறுங்காலோடு சாலையில் நடந்து, காற்றில் பறந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தெருவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு அங்கு வந்த காவலர் சாவியைத் திருப்பியதும், முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் என்னைப் பார்த்து, "நல்லாத்தானேய்யா இருக்கு?" என்றார்.

பதினோராம் தேதி என்னை நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். வண்டியில் எந்தப் பழுதும் இல்லை என்றும், முறையாக வேலை செய்து கொடுத்தேன் என்றும் நான் வாக்குமூலம் கொடுத்தேன். என் வேலையைப் பற்றிப் பேச்சு வந்துவிடக்கூடாது என்ற எண்ணத்தில்தான் அப்படிச் சொன்னேன். பழுது இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணி, "என்ன சொன்ன?" என்று கேட்டார். "வண்டி நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்" என்றேன். "சரி" என்றார். நான் சொன்னதை வைத்து அவர்மேல் அஜாக்கிரதையாக ஓட்டியதாக வழக்கு எழுதப்பட்டது, உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள், சலவைக்கூடத்திலும் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரே போல்ட்டை மூன்று முறை முறுக்கினேன். ஒரு வேன்காரருக்கு அடியில் வடிகால் மூடியைப் போடாமலேயே மேலே புது ஆயிலை ஊற்றி, அது தரையில் ஓடிய பிறகுதான் பார்த்தேன். தபால்காரரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். அவர் நன்றாகவே பேசினார். "அந்தம்மா ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தாங்கப்பா, கைய வெளிய நீட்டிப் 'போங்க போங்க'ன்னு கத்துனாங்க. எனக்குத்தான் வண்டியத் திருப்ப முடியல" என்றார். அவர் படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் அண்ணி வேலை பார்த்த சலவைக்கூடத்தின் நீலக் குறி இருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை, தூங்கக் கொஞ்சம் இடம் வேண்டுமா என்று அவர் கேலியாகக் கேட்டார்.

வீட்டிலும் நான் உட்காராமல் அலைந்தேன். மதியச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு என் மனைவி, "ஒண்ணு போய் அந்த வண்டியப் பிரிச்சுப் பாருங்க, இல்லன்னா இங்க உக்காந்து சாப்பிடுங்க. ரெண்டுங்கெட்டானா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தா தரைதான் தேயும்" என்றாள். நான் சாப்பிடாமல் இங்கு வந்து, வாகன ஆய்வாளர் முன்னிலையில் வண்டியைச் சோதிக்க மனு கொடுத்தேன். இருபதாம் தேதிக்கு அனுமதி கிடைத்தது.

இருபதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, விபத்தன்று இருந்த பாரத்துக்குச் சமமாக நனைந்த துணி மூட்டைகளை ஏற்றி, ஆய்வாளர் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டினேன். அண்ணி பின்னால் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். மூன்று முறை மேடு ஏறினோம். மூன்று முறையும் வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. ஒவ்வொரு முறையும் உச்சியில் எஞ்சினை அணைத்து, ஆய்வாளர் குறிப்பு எழுதினார். மூன்றாவது முறை அவர், "வண்டி குதிரை மாதிரி ஏறுது. உங்க அண்ணிக்குத்தான் மேட்டக் கண்டா மிரளும் போல" என்று சிரித்தார். அதற்கு அண்ணி பின்னாலிருந்து, "சார், நீங்க ஒவ்வொரு தடவையும் நிறுத்திடுறீங்க. நான் அன்னைக்கு ஆறு மணிக்கு ஸ்டார்ட் பண்ணவ, நிறுத்தவே இல்ல. பேட்டரி வீக்கு. துணி இறக்கும்போதும் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு" என்று சொன்னார்.

இதை அவர் இதற்கு முன் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. நான் இரண்டு முறை வண்டியைப் பார்த்தபோதும் அவரை எதுவும் கேட்காமல் வண்டியை மட்டும்தான் ஓட்டிப் பார்த்தேன்.

அதன் பிறகு எஞ்சினை அணைக்காமல் ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு மேட்டுக்கு வந்தோம். இரண்டாவது வளைவில் இழுவை போய்விட்டது. மிதி தரையைத் தொட்டது, வண்டி போகவில்லை. அண்ணி சொன்னது போலவே பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பது போல இருந்தது. இம்முறை தயாராக இருந்ததால் கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தினேன். ஆய்வாளர் சிரிக்கவில்லை.

எஞ்சின் அணைந்துவிடக்கூடாது, யாரும் சாவியைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டேங்க் மூடியைத் திறந்தேன். காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் வரவில்லை, ஆகவே மூடி அடைப்பு இல்லை. காற்று ஃபில்டரைக் கழற்றிவிட்டு முடுக்கினேன், மாற்றம் இல்லை. அதன் பிறகு ஐந்து லிட்டர் கேனில் டீசலை எடுத்து, டேங்கை விட்டுவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபில்டருக்குக் குழாய் கொடுத்தேன். வண்டி அந்த நிமிடமே சீறிக்கொண்டு மேட்டில் ஏறியது. எஞ்சின், பம்ப், ஃபில்டர் எல்லாம் சரியாக இருக்கின்றன, கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில்தான் என்பது அதிலிருந்து தெரிந்தது. அங்கே இரும்புக் குழாயும், டேங்கை ஒட்டி ஒன்றரை அடி ரப்பர் ஹோஸும்தான் உண்டு. ரப்பர் ஹோஸைக் கழற்றி ஒரு பக்கத்திலிருந்து ஊதினேன், காற்று போனது. அதே முனையில் வாய் வைத்து உறிஞ்சினேன், அடைத்துக்கொண்டது. பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். வெளித்தோல் புதிதாக இருந்தது. உள்தோல் உரிந்து நாக்குப் போலத் தொங்கியது. வண்டி நெடுநேரம் டீசலை இழுக்க இழுக்க அந்த நாக்கு எழும்பி வழியை அடைத்திருக்கிறது. எஞ்சின் நின்றதும் விழுந்து வழி விட்டிருக்கிறது. அதனால்தான் என்னிடம் வந்தபோதும் காவலர் சாவியைத் திருப்பியபோதும் வண்டி நன்றாக இருந்தது.

ஆய்வாளர் அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இது டீசலுக்குப் போடுற ஹோஸே இல்லையே. யார் போட்டது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன், அண்ணி, "அது பழசு சார். என் வீட்டுக்காரர் காலத்துலேருந்து அதான் கெடக்கு" என்றார். நான் பேசாமல் நின்றேன். ஆய்வாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வண்டியில் பழுது இருந்தது உண்மைதான் என்றும், ஆனால் பழைய ஹோஸை மாற்றாமல் ஓட்டியது உரிமையாளரின் பராமரிப்புக் குறைவு என்றும் அவர் அறிக்கை கொடுத்ததாக அறிகிறேன். வண்டி இப்போது அண்ணியின் பெயரில் இருக்கிறது.

இந்த இடத்தில், பதினான்கு மாதத்துக்கு முன் நடந்ததைச் சொல்லவேண்டும். வரிசைப்படி முதலில் வந்திருக்க வேண்டியது, நான்தான் தாண்டி வந்துவிட்டேன். அன்று டேங்கடியில் டீசல் கசிகிறது என்று அண்ணி வண்டியைக் கொண்டுவந்தார். நண்பகலுக்குள் மருத்துவமனைக்கு விரிப்புகள் போயாக வேண்டும் என்றார். உதிரிபாகக் கடை மூன்று நாள் பூட்டியிருந்தது. பட்டறையில் ரேடியேட்டர் தண்ணீருக்குப் போடும் மெல்லிய ஹோஸ் ஒரு துண்டு கிடந்தது. டீசல் பட்டால் அதன் உள்பக்கம் ஊறி உரிந்துவிடும் என்பது தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதைத் தெரிந்தே மாட்டினேன். அண்ணி கவிழ்த்துப் போட்ட டயர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இது தண்ணிக் குழாய் மாதிரில்ல இருக்கு?" என்று கேட்டார். "ஒரு வாரம் ஓடட்டும் அண்ணி, மாத்திடுறேன்" என்றேன். மாற்றவில்லை. சென்ற மாதம் அவர் முதல் முறை குறை சொன்னபோது அந்த ஹோஸ் ஒரு கணம் என் நினைவுக்கு வந்தது. அடியில் கைவிட்டுத் தடவினேன். கசிவு இல்லை. விட்டுவிட்டேன்.

இருபதாம் தேதி வீடு திரும்பும் வழியில் அண்ணியிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "எனக்கு லைசென்ஸ் மட்டுந்தான் போகும். உனக்குப் பட்டறையே போயிடும். பேசாம இரு" என்றார். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இன்று இங்கு வந்திருப்பது அவருக்குத் தெரியாது.

அண்ணி ஓட்டியதில் தவறு எதுவும் இல்லை. கிளட்ச்சில் அவர் கால் இல்லை. ஹோஸ் அண்ணன் காலத்தது அல்ல.

எழுத்தர் இதை எழுதி முடித்து எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அதில் 'தெரிந்தே மாட்டினேன்' என்று நான் சொன்ன இடத்தில் 'கவனக்குறைவாக மாட்டிவிட்டேன்' என்று இருந்தது. அப்படிச் சொல்லவில்லை என்றேன். "இப்படி இருந்தா உனக்கு நல்லதுய்யா, யோசிச்சுக்கோ" என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லி, அந்தச் சொல்லை அடித்து, நான் சொன்னதையே எழுத வைத்து, அடித்த இடத்தில் சிறு கையொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை எல்லாம் நான் சொன்னவாறே எழுதப்பட்டுள்ளன, அனைத்தும் உண்மை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

(கையொப்பம்)
பட்டறை உரிமையாளர்