கெடாத வரகு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, குளிருக்கு ஒட்டி உட்காருங்கள், ஒரு கதை சொல்கிறேன். கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் பொன்னம்மாள் என்று ஒருத்தி. அவள் கொழுந்தன் பெண்டாட்டி இருசாயி, மகளுக்குக் காது குத்தி, உறவுக்கெல்லாம் வரகுச் சோறு போட்டாள். உண்டவர்கள் தலை சுற்றிச் சாய்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லோரும் பிழைத்து வந்துவிட்டார்கள். ஆனாலும் சோற்றில் ஊமத்தை கலந்தாள் என்று இருசாயி குடும்பத்தை விலக்கி வைப்பதா என்று பேச நாளைக்கு ஊர் கூடுகிறது. நாமக்கல் பக்கத்திலிருந்து சுசித்ரா என்று ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்து, மிஞ்சின சோற்றையும் ஊரில் கொஞ்சம் வரகையும் வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு இன்றைக்குத் திரும்பியிருக்கிறாள். பொன்னம்மாள் வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள். எதிரே அந்தப் பெண். இனி அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.

— அதெல்லாம் இருக்கட்டும் அம்மணி. ஊமத்தங்காய் குடுத்தனுப்பினனே, அதப் பாத்தீங்களா இல்லீங்களா?

— பாத்தேங்க்கா. காய் ஊமத்தைதான்.

— நாஞ் சொல்லல? இருசாயி ஊட்டுக்குப் பின்னால பறிச்சதாக்கும்.

— ஆனா சோத்துல ஊமத்தை இல்லீங்க. துளிகூட இல்ல.

— நல்லாப் பாத்தீங்களா? மிசினு தப்பாச் சொல்லியிருக்கும். ரேசன் கடை மிசினு என் கைரேகையவே எடுக்க மாட்டேங்குது. நான் நான் இல்லையாம்.

— திரும்பத் திரும்பப் பாத்தேங்க.

— என்னமோ போங்க. எனக்கென்ன வந்துச்சு. எங்கூட்டுக்காரரு அர்த்தனாரி, கள்ள மோந்துகூடப் பாக்காத மனுசன். அவ போட்ட சோத்தத் தின்னுபோட்டு ஆடி ஆடி வந்து, பலாமரத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. மரத்தப் பாத்து "வா பொன்னம்மா, ஊட்டுக்குப் போலாம்"ங்கறாரு. ஊரே பாத்துச்சு.

— இருசாயி அக்காவும்தான் அன்னிக்கி சாஞ்சாங்க. அவுங்க புள்ளையும் சாஞ்சுது.

— சாயாம நின்னா மாட்டிக்குவாள்ள? கெட்டிக்காரி அவ.

— அவுங்களுக்கு உங்க மேல என்னங்க கோவம்?

— அத அவகிட்டக் கேளுங்க. எனக்கென்ன வந்துச்சு.

— அவுங்கள விலக்கி வெச்சா, அவுங்க பங்கு மெளகுத் தோட்டம் யாருக்குங்க வரும்?

— ஓகோ. அப்படி வருதா பேச்சு. அவ சொல்லிக் குடுத்து அனுப்பிச்சாளா?

— இல்லீங்க. நானாத்தான் கேட்டேன்.

— நீங்க வரகப் பாக்க வந்தீங்களா, மெளகப் பாக்க வந்தீங்களா?

— வரகத்தாங்க. சோத்துல இருந்தது பூஞ்சை நஞ்சு. ஈரத்துல கெடந்த வரகுல பூஞ்சை புடிச்சு, அது உள்ளுக்குள்ள நஞ்ச உட்டிருக்குது. வேக வெச்சாலும் அது போகாது. கெறக்கம், நடுக்கம், வாந்தி எல்லாம் அதனாலதான்.

— பூஞ்சையா? நாங்க பொறந்ததுல இருந்து வரகுதான் திங்கறோம். எந்த மரத்தையும் கட்டிப் புடிக்கல.

— காஞ்ச வரகு ஒண்ணும் பண்ணாதுங்க. இருசாயி அக்காவுது அறுத்த எடத்துலயே மழையில நனைஞ்சு கெடந்திருக்குது.

— எல்லாத்துக்குந்தான் மழை பேஞ்சுது. மாரியாயிக்குக் காப்புக் கட்டிப்புட்டா, நோம்பி முடியற வரைக்கும் எங்கூருல கதிரடிக்கக் கூடாது. காப்புக்குள்ள கதிர மிதிக்கறது ஆத்தாளையே மிதிக்கற மாதிரி. மழையோ வெயிலோ, குவிச்சது குவிச்ச எடத்துல கெடக்கும்.

— உங்க வரகும் கெடந்துச்சுங்களா?

— கெடக்காம?

— அதுதாங்க எனக்குப் புரியல. ஒரே காடு, நடுவுல ஒரு வரப்பு. ஒரே வெத, ஒரே மழை. அவுங்க வரகுல அவ்வளவு பூஞ்சை. உங்க வரகு வெள்ளி உருட்டினாப்புல இருக்குது. என்ன எலை போட்டீங்க?

— எலையா?

— எங்க வேலையே அதுதாங்க்கா. நஞ்சக் கண்டுபுடிக்கறது பாதி. அத வளர உடாம நிறுத்தற எலை, பட்டை, வேரக் கண்டுபுடிக்கறது மீதி. தட்டுல பூஞ்சைய வளத்து நடுவுல நொச்சிச் சாறு வெச்சா, சாத்தச் சுத்திப் பூஞ்சை வராம கொஞ்சம் எடம் வெறுமையா நிக்கும். மெளகு, மஞ்சள் எல்லாம் பாத்தாச்சு. ஆனா நனைஞ்ச குவியலையே காப்பாத்தற எலை எதையும் நாங்க பாத்ததில்ல.

— பூஞ்சைய வளக்கறீங்களா? அதுக்குச் சம்பளம் வேற தராங்களா?

— தராங்க.

— எம் பையன் யுவராஜ் திருப்பூருல துணி மடிச்சுக்கிட்டுக் கெடக்கறான். தெரிஞ்சிருந்தா எங்கூட்டுப் பரண்மேலயே வளத்திருப்பான்.

— எலை, அக்கா.

— எலையுமில்ல, கொடியுமில்ல.

— மறைக்காதீங்க.

— மறைச்சா என்ன தப்பு? முன்ன ஒருத்தரு இப்படித்தான் கண்ணு, சாமின்னு வந்து உக்காந்து, முடவாட்டுக்கால் கெழங்கு எங்க மொளைக்குதுன்னு கேட்டாரு. காட்டினோம். இப்ப அது பொடியாகி டப்பாவுல வருது. எங்க மலைய டப்பா மேல படம் போட்டு எங்களுக்கே விக்கறாங்க.

— நான் விக்க வரலீங்க. எலைய மட்டும் காட்டுங்க, உங்க ஊரு பேருலயே எழுதறேன்.

— எலை இல்ல அம்மணி. எங் கைராசி அப்படி.

— கைராசிக்கெல்லாம் பூஞ்சை பயப்படாதுங்க. எலை இல்லீன்னா ஒண்ணே ஒண்ணுதான். உங்க வரகு நனையவே இல்ல.

— அதெப்படி நனையாம இருக்கும்?

— நானும் அதத்தான் கேக்கறேன். ஏங்க்கா, கெழங்கு சீவறத நிறுத்திப்புட்டீங்க?

— அந்தப் போன எடுங்க. பேசறத ஏதும் புடிச்சு வெக்குதா அது?

— இல்லீங்க. இந்தாங்க, நீங்களே வெச்சுக்குங்க.

— கிட்ட வாங்க. அந்தப் பக்கம் யாராச்சும் வாராங்களா?

— யாருமில்லீங்க.

— காப்புக் கட்டியாச்சு. கோயில்ல கொட்டு முழங்குது. அண்ணாந்து பாத்தா மேகம் கருங்கல்லாட்டம் எறங்குது. வருசத்துச் சோறு வெளிய கெடக்குது கண்ணு. வயித்து வலின்னு சொல்லீட்டு வந்துட்டேன். கதிர அள்ளிப் பாறையில போட்டு, காலாலயே மிதிச்சேன். கோலுல அடிச்சாச் சத்தம் கேக்குமே. மிதிச்சு, வாரி, ஊட்டுக்குள்ள கொட்டீட்டு, வைக்கோலக் குவியலாட்டம் காட்டுல போட்டு வெச்சேன். அப்பறம்தான் மழை உழுந்துச்சு.

— இருசாயி அக்காவுக்குத் தெரியுமா?

— ஆத்தாளுக்குத் தெரியுமே. காது குத்து அன்னிக்கி ஒவ்வொருத்தராச் சாயறாங்க. எம் புருசன் மரத்தோட பேசறாரு. ஆத்தா எறங்கீட்டாள்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. யாராச்சும் ஒருத்தரு சாமி குத்தம்னு வாயத் தொறந்தாப் போதும், குத்தம் பண்ணுனது யாருன்னு தேட ஆரம்பிச்சுருவாங்க. அதுக்குள்ள என் வாயில ஊமத்தைன்னு வந்துருச்சு.

— அப்பறம் காயும் நீங்களே பறிச்சீங்க.

— சொன்ன சொல்லுக்குச் சாட்சி வேணும்ல.

— அந்தச் சாட்சிய வெச்சு நாளைக்கு ஒரு குடும்பத்தத் தள்ளி வெப்பாங்க. கொழாயில தண்ணி புடிக்க உடமாட்டாங்க. அந்தப் புள்ளைய ஒரு ஊட்டுலயும் சேக்க மாட்டாங்க. காதுப் புண்ணே இன்னும் ஆறல.

— தெரியும். அந்தக் காதுக்கு மஞ்சள் அரைச்சுப் போட்டதே நாந்தான்.

— நாளைக்கு நான் பூஞ்சைன்னு சொல்லித்தாங்க ஆகணும். சொன்னா, பக்கத்துல இருந்த உங்க வரகு ஏன் கெடலேன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?

— எலைன்னு சொல்லிருங்களேன். நீங்களேதான் எலை, எலைன்னு கேட்டீங்க. பொன்னம்மா ஏதோ ஒரு தழையப் போட்டு வெச்சிருந்தான்னு சொல்லுங்க. படிச்ச புள்ள சொன்னா நம்புவாங்க.

— நம்பீட்டு, அடுத்த வருசம் நனைஞ்ச வரகுல ஒரு தழையச் சொருகி, ஆக்கித் தின்னாங்கன்னா? இந்தத் தடவ பெரியவங்க பொழச்சுக்கிட்டாங்க. கைக்கொழந்தைக்கு ஊட்டியிருந்தா?

— வாயக் கழுவுங்க அம்மணி. அப்படியெல்லாம் சொல்லாதீங்க.

— நான் சொல்லாட்டி அது நடக்காதுங்களா?

— நீங்க ஏன் மலையேறி வந்தீங்க? நான் கேட்டனா?

— ஊமத்தங்காய் குடுத்தனுப்பினது நீங்கதாங்க்கா.

— ஆமா. அந்தப் புத்திக்குச் செருப்பால அடிச்சுக்கணும். சரி. நீங்க சொல்ல வேண்டாம். நாளைக்கு நானே எந்திரிச்சுச் சொல்லிப்புடறேன். ஊமத்தையுமில்ல, இருசாயி மேல தப்புமில்ல, ஊருல காப்ப மீறுனவ நான் ஒருத்திதான்னு சொல்றேன். தள்ளி வெக்கறதுன்னா என்னைய வெக்கட்டும். என்ன முழிக்கறீங்க? சொல்றேன்னுதான சொன்னேன்.

— அக்கா, எலை ஏதும் இல்லைங்கறது நெசந்தானா? சத்தியமா?

— சத்தியம் பண்ண எனக்கு என்ன யோக்கியதை இருக்குது? எலை இல்ல கண்ணு. காஞ்ச வரகு, அவ்வளவுதான்.

— உங்க ஊட்டு வரகு மட்டும் நல்லா இருந்திருந்தா, நானும் கைராசின்னே நெனச்சிட்டுப் போயிருப்பேங்க. ஊருல அத்தன ஊட்டுலயும் எடுத்துப் பாத்தேன். இருசாயி அக்கா ஊட்டத் தவுர எல்லா வரகும் உங்க வரகாட்டமேதான் இருக்குது. ஊரே ஒண்ணாச் சேந்து ஒரு எலைய எங்கிட்ட மறைக்கறீங்கன்னு நெனச்சேன்.

— எல்லா வரகுமா?

— எல்லாமுங்க.

— ஊர்க்கவுண்டரு ஊட்டுது?

— பொட்டு ஈரம் படலீங்க.

— பூசாரி மாதேஸ்வரன் ஊட்டுது? கோயில்ல காப்புக் கட்டுனதே அவருதான்.

— இருக்கறதுலயே சுத்தம் அதுதாங்க.

— அதனாலதான் அவரு பொண்டாட்டி நோம்பி பூரா உள்ளங்காலுக்கு எண்ண தேச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளா.

— கொட்டுச் சத்தத்துல யாரு மிதிச்சதும் யாருக்கும் கேக்கல போலிருக்குதுங்க.

— அம்மணி, அப்ப நாளைக்கு ஊரு கூடி விலக்கி வெக்கப் போறது, காப்ப மதிச்ச ஒரே ஊட்டையா?

கேட்டீர்கள் அல்லவா கண்ணுகளா, இனிப் போய்ப் படுங்கள். உங்கள் வீட்டுக் கதிர் மழைக்கு முன்னால் வீடு வந்து சேரட்டும். உங்கள் கையால் உண்டவர்கள் தெம்பாய் எழுந்து, உங்கள் பிள்ளைகளை வாழ்த்திவிட்டுப் போகட்டும்.