குளிருக்குப் பழகியவை

பேராதனைச் சந்தியில், மலையேறும் நானுஓயா ரயில் நின்றபோதே மூன்றாம் வகுப்பில் மூச்சுவிட இடமில்லை. எனக்கு எதிரே இருந்த, கலகெதர ஊரைச் சேர்ந்த முஸ்லிம் நானா, வாயைத் துணியால் கட்டிய மண்பானை ஒன்றை மடியில் வைத்திருந்தார். உள்ளே தேனீக்கள் இரைந்தன. பக்கத்தில் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண், கம்பளிக்குள் தூங்கிய மகளை அணைத்தபடி ஒதுங்கினாள்.

“பயப்படாதீங்க தங்கச்சி. இதெல்லாம் குளிருக்குப் பழகின தேனீ.”

“தேனீ குளிருக்குப் பழகுமா, நானா?”

“போன வருசம் எங்கட ஊர்ல இருந்து ஆறு பானை மேல மலைக்குக் கொண்டு போனேன். மழைக்குளிர்ல அஞ்சு பானை செத்துப் போச்சு. ஒண்டுதான் தாங்கிச்சு. அதுல பிரிஞ்ச கூட்டம் இது. பேராதனையில தேனீ ஆராயுற ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் காட்டிட்டுத் திரும்புறேன். குளிர் பழகிட்டுது எண்டு அவர் புத்தகத்துல எழுதிக்கிட்டார்.”

“செத்த அஞ்சையும் எழுதினாரா?”

“அதை அவர் கேக்கல்ல.”

ரயில் கம்பளை நிலையத்தைத் தாண்டியது. அவள் பானையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அப்ப எதுவும் பழகலையே, நானா. தாங்காததெல்லாம் செத்துப் போச்சு, அவ்வளவுதான்.”

அவர் துணியின் முடிச்சை இறுக்கினார்.

“நாங்க குடியிருக்கிற லயத்துக்கும் தோட்டத்துத் தொரை வந்து பாத்தாரு. புள்ளைங்களுக்கு மலைக்குளிர் பழகிருச்சேன்னு சிரிச்சாரு.” கம்பளியை மகளின் காதுவரை இழுத்துவிட்டாள். “நாலு பெத்தேன். இவ ஒருத்திதான் பழகுனா.”