சுண்ணாம்புக்கு அடியில் சிவப்பு வட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் தேயிலைத் தோட்டத் துரை அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, நுவரெலியாவிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே, தரையில் உட்கார்ந்திருக்கும் என் சனங்களே, எல்லாருக்கும் ஏழாம் லயத்துப் பூரணியின் வணக்கம்.

ஊர்மிளா மகாலிங்கம் அம்மா படத்துக்கு மாலை போடத்தான் வந்தேன். கை வரவில்லை. இந்த மண்டபத்துக்கு நேற்றுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். அந்த நாற்றம் குமட்டுகிறது. ஏனென்று சொல்கிறேன்.

காலநிலை மாறிவிட்டது, பழைய மழை இனி இல்லை, சரிவில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்களை இடம் மாற்ற வேண்டும் என்று அரசாங்கத்துக்குக் கொள்கை எழுதிக் கொடுத்தவர் அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்திரண்டு வருடம் ராகலைக்கும் வலப்பனைக்கும் பஸ்ஸில் அலைந்தவர். எழுதிய காகிதம் மேசையில் தூங்குகிறதே என்று அவரும் தூங்கினாரா? சிவப்புப் பெயின்ட் டின்னோடு வந்தார். மண் சரியக்கூடிய வீடுகளின் சுவரில் வட்டம் போட்டார். வட்டம் போட்ட வீட்டில் ஆள் இருக்கக் கூடாது, தோட்டம் வேறு நிலம் கொடுக்க வேண்டும்.

துரை என்ன செய்தார்? வெளிநாட்டுத் தேயிலை வியாபாரிகள் வருகிறார்கள் என்று அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார். அம்மா மறுபடி போட்டார். அமைச்சர் வருகிறார் என்று தலைவர் அடிக்க வைத்தார். தலைவரே, வாளியைப் பிடித்தது உங்கள் மச்சான் சின்னராசா. தை மாதம், செவ்வாய்க்கிழமை. நான் மறக்கவில்லை.

உங்களை மட்டும் சொன்னால் என் வாய் அழுகிவிடும். பேத்தியைப் பெண் பார்க்க உடப்புசல்லாவையிலிருந்து வந்த அன்று, இடியப்போகிற வீட்டுப் பெண் என்பார்களே என்று, என் வீட்டு வட்டத்தைத் தேங்காய்நாரால் தேய்த்து அழித்தவள் நான். என்னை நினைத்தாலும் அருவருப்புத்தான்.

மறுநாள் அம்மா வந்து சுவரைப் பார்த்தார். திட்டவில்லை.

“மாப்பிள்ளை வீட்டுக்காரர் போயிட்டினமோ, பூரணியக்கா?”

“போயிட்டாங்கம்மா.”

“அப்ப இனி வட்டம் கீறலாம்தானே?”

போன ஐப்பசியில் எட்டாம் லயத்தை மண் மூடியது. உள்ளே ஒரு பூனைகூட இல்லை. முதல்நாளே அம்மா கதவு கதவாகத் தட்டி, எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். அதற்குத் துரை கேட்டது, ஒருநாள் கொழுந்து பறிக்காமல் போனதற்கு யார் பதில் சொல்வது என்று. அதே வாய்தான் சற்றுமுன் அவரை மலையகத்தின் தாய் என்றது. தூ!

நோயில் கிடந்து போனில் பேசியபோதும் ஏழாம் லயத்துக்கு நிலம் கிடைத்ததா என்றே கேட்டார். இல்லை என்றேன். “அப்ப அந்த டின்னைக் கவனமா வச்சிருங்கோ” என்றார்.

பதினெட்டுக் குடும்பம் இன்னும் அங்கேதான், சுவரில் மறுபடியும் சுண்ணாம்புதான். இதோ, அவர் விட்டுப்போன டின். கூட்டம் முடிந்ததும் பதினெட்டு வட்டத்தையும் என் கையால் போடுவேன். பிறகு பிள்ளைகுட்டிகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம். நிலம் காட்டும்வரை காலைப் பெரட்டில் வேலைக்கு எங்கள் பெயரைக் கூப்பிட வேண்டாம்.

முதல் வட்டம் என் வீட்டுக்கு. இந்த மாலையை அதன்மேல் மாட்டுவேன். துரை அவர்களே, சுண்ணாம்பு அடிக்க ஆள் அனுப்பாதீர்கள். வாளியை நீங்களே தூக்கிக்கொண்டு வாருங்கள்.