நிஜாம் எழுதிய பின்பக்கம்

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் நம் விளையாட்டு அட்டை சேகரிப்போர் சங்கத் தலைவி, அம்மையார் ரோகிணி அவர்களே. அவருக்கு அருகில் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் பொருளாளர் ஞானசம்பந்தம் அவர்களே. ரவாங்கிலிருந்து ரயிலேறியும் கேரி தீவிலிருந்து வேனேறியும் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே. பிள்ளைகள் அட்டை வாங்கிய செலவை அப்பாவிடம் சொல்லாமல் காத்த தாய்மார்களே. சிரிக்காதீர்கள், அந்த மறைப்பில்தான் பாதிச் சங்கம் வளர்ந்தது. ஆல்பத்தை மடியில் அணைத்திருக்கும் இளையோரே. சாலாக் செலாத்தானிலிருந்து வந்திருக்கும் லோகன், உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

இன்று வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானம் உங்களுக்குத் தெரியும். அட்டைகளை மாற்றிக்கொள்ளும் நம் மேசையில் இனி அட்டைகளுக்கு விலைச் சீட்டு ஒட்டலாம். பழைய அட்டைகளின் பின்னால் பென்சில் எழுத்து இருந்தால், துடைத்த பிறகே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். இதை எழுதிக் கொடுத்தவன் வேறு யாருமில்லை, நான்தான். ஆதரித்துப் பேசு என்றுதான் என்னை மேடை ஏற்றியிருக்கிறார்கள். பேசுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு. நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். கிள்ளான் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் தேத்தண்ணி கலக்கும் வேலை பார்த்தவன் நிஜாம். அப்போது இருபது காசுக்கு ஒரு கச்சாங் பாக்கெட் வந்தது. கடலையோ கைப்பிடிகூட இராது, அதிலும் பாதி கருகியிருக்கும். ஆனால் உள்ளே ஓர் அட்டை இருந்தது. அட்டையில் ஒரு பந்தாட்டக்காரர் இருந்தார். பதினோரு பேரையும் சேர்த்துவிட்டால் நாமே ஒரு குழு வைத்திருப்பதாக ஒரு நெஞ்சு நிமிர்வு இருந்தது. கையிலே காசு குறைவு, கண்ணிலே கனவு நிறைவு.

அன்று எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெரியவர்கள் தலையாட்டுகிறீர்கள், இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அட்டை கை மாறும்போது, கொடுப்பவர் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி, பேர் போட்டுக் கொடுக்க வேண்டும். ஏன் பென்சில்? பேனா மை ஊறி ஆட்டக்காரரின் மூக்கில் வந்து நிற்கும். ஏன் ஒரு வரி? மனமில்லாமல்தான் கொடுக்கிறேன் என்பதை எங்காவது சொல்லியாக வேண்டுமே. முன்பக்கம் யார்? ஆட்டக்காரர். பின்பக்கம் யார்? நாம். ஓர் அட்டையில் ஆறு பேரின் பெயரை நான் பார்த்திருக்கிறேன். அதில் இருவர் பிற்பாடு சம்பந்தி ஆனார்கள்.

பின்வரிசையில் ஒரு தம்பி, "அண்ணே, பென்சில் இருந்தா மதிப்பு போயிடும்லா" என்கிறார். உண்மை தம்பி. அதைத்தான் நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

எப்போது வந்தது இந்த மதிப்பு? எவர் கொண்டுவந்தார் இந்த மதிப்பு? கைப்பேசியில் நேரலை போட்டு, பாக்கெட்டுகளைப் பெட்டி பெட்டியாக உடைத்து, மின்னுகிற அட்டை வந்தால் கூத்தாடி, வராவிட்டால் மீதியைக் குப்பையில் கொட்டுகிறோமே, அப்போதா? போன மாதம் இதே பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைக்கு வெளியே சாக்கடையில் மல்லாந்து கிடந்தார் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். பந்தைத் தடுத்தே வாழ்நாளைக் கழித்த மனிதர். அவரைக் குனிந்து எடுக்க ஒருவரும் இல்லை. பாக்கெட்டைப் பிரிக்காமலே, நகை நிறுக்கும் தராசில் நிறுத்து, மின்னும் அட்டை இருக்கும் கனமானதைப் பொறுக்கிக்கொண்டு இலேசானதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிறவர்களும் நம்மில் உண்டு. முகத்தைத் திருப்பாதீர்கள், நான் பெயர் சொல்லப் போவதில்லை.

சொல்ல வேண்டிய பெயர் ஒன்றே ஒன்றுதான். அது என் பெயர்.

என் குழுவில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். கோல்கீப்பர் மட்டும் கிடைக்கவில்லை. எட்டு மாதம், எத்தனையோ பாக்கெட், எத்தனையோ கருகிய கடலை. கிள்ளான் முழுக்க அந்தக் கோல்கீப்பர் நிஜாமிடம் மட்டுமே இருந்தார். நான் கேட்டேன், சிரித்தான். கெஞ்சினேன், தேத்தண்ணி கொடுத்து அனுப்பினான். ஒரு நாள் ரயில் புறப்படும் நேரம், இடுப்பில் கட்டிய துண்டோடு ஸ்டேஷனுக்குள் ஓடிவந்து, ஜன்னல் வழியே அட்டையை என் கையில் திணித்தான். "என்னடா, மாத்துக்கு என்ன வேணும்?" என்றேன். "ஒன்னும் வேணாம். நீ தெனம் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு வர்றத பாக்க முடியல லா" என்றான். ரயில் நகர்ந்த பிறகு பின்பக்கத்தைப் படித்தேன். "கோல்கீப்பரைத் தாரை வார்த்துவிட்டேன். இனி கோல் விழுந்தால் என்னைக் கேட்காதே. நிஜாம், கிள்ளான்."

அன்று நான் பாதிப் பெட்டியில் டிக்கெட் பார்க்க மறந்தேன். இரயில்வே இலாகா என்னை மன்னிக்கட்டும்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த அட்டை எழுத்தோடு அப்படியே என்னிடம் இருந்தது. பிறகு ஒருவர் வந்தார். வெளிநாட்டுக்கு அனுப்பி, கிரேடு என்று தர மதிப்பெண் போட்டு உறையில் அடைத்தால் எட்டாயிரம் வெள்ளிக்குப் போகும், பின்னால் எழுத்து இருந்தால் எண்ணூறுகூடப் போகாது என்றார். எனக்குப் பசியா? இல்லை. பென்ஷன் இல்லையா? இருக்கிறது. பிறகு ஏன் செய்தேன்? எட்டாயிரம் என்ற எண்ணை என் காதால் கேட்டுவிட்டேன், அவ்வளவுதான். நல்ல வெள்ளை ரப்பராக வாங்கினேன். இரண்டு மணி நேரம், அட்டை நோகாமல், நிதானமாகத் துடைத்தேன். தூளை ஊதினேன். கண்ணாடி வைத்துச் சோதிக்கும் வெளிநாட்டுக்காரர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பத்துக்கு ஒன்பது போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் பூட்டி அனுப்பினார்கள். விலை இன்னும் ஏறட்டும் என்று அலமாரியில் வைத்தேன். அந்தப் பெருமையில் எழுதியதுதான் இன்றைய தீர்மானம்.

நிஜாம் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதத்துக்கு முன் அவன் மகள் சுமையா என் வீட்டுக்கு வந்தாள். கிள்ளான் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். வந்து உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னாள்: "அங்கிள், நாங்க இருந்த ஸ்ரீ மூடாவுல வெள்ளம் வந்தப்ப வீட்டுல உள்ளது எல்லாம் போச்சு. அடையாள அட்ட ஐ.சி.யில உள்ள படத்த வச்சிதான் அத்தா படத்த பெருசு பண்ணோம். அத்தா கையால எழுதுனது மட்டும் ஒன்னுகூட இல்ல. அவங்க எழுத்து சாஞ்சி இருக்குமா, நேரா இருக்குமான்னு எனக்கும் உம்மாவுக்கும் சண்ட. உங்ககிட்ட ஒரு அட்ட குடுத்திருக்காங்களாம்ல?"

நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். உறையை எடுத்துக் கொடுத்தேன். அவள் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினாள். வெறும் வெள்ளை. "இதானா அங்கிள்?" என்றாள்.

அவையோரே, அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது இல்லம்மா. அது வேற அட்ட. எங்கயோ வச்சிருக்கேன், தேடித் தரேன்" என்றேன். வாரா வாரம் போன் செய்தாள். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சென்ற வாரம், வரும் ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்துக்கு வா, அங்கே கிடைத்துவிடும் என்றேன். என்ன துணிச்சலில் சொன்னேனோ எனக்கே தெரியவில்லை. அவளும் வந்துவிட்டாள். மூன்றாம் வரிசையில், தலையில் நீலத் துடுங் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சுமையா, அதே அட்டைதானம்மா. துடைத்தது நான்தான். நேற்று அந்த உறையை உடைத்து, அட்டையை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பென்சில் அழுத்திய தடம்கூட மிஞ்சவில்லை. வாசகம் எனக்கு மனப்பாடம், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் சாய்ந்திருந்ததா, நேராக இருந்ததா என்று எனக்கும் நினைவில்லை. உன் அத்தா எனக்கு அன்பாகக் கொடுத்ததை நான் எட்டாயிரம் என்று பார்த்தேன். அதற்காக இந்த அவை அறிய வெட்கப்படுகிறேன்.

தலைவி அவர்களே, என் தீர்மானத்தை நான் திரும்பப் பெறுகிறேன். பொருளாளர் ஏதோ சொல்கிறார். "வாபஸ் வாங்குறதுன்னா எழுதிக் குடுக்கணும்." தருகிறேன் ஐயா, பென்சிலாலேயே எழுதித் தருகிறேன்.

அன்பர்களே, விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. விற்பது பாவமும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நிஜாம் எனக்கு மட்டுமா கொடுத்தான்? கிள்ளானில் அவன் கை படாத ஆல்பம் குறைவு. ரவாங் வரை போயிருக்கும், கேரி தீவு வரை போயிருக்கும். துடைக்க வேண்டும் என்று இன்று பெட்டியில் கொண்டு வந்திருப்பீர்கள். துடைக்குமுன் ஒரு முறை திருப்புங்கள். முன்பக்கத்தில் யார் என்று பார்த்தது போதும். பின்பக்கத்தில் யார் என்று பாருங்கள். எழுதியவர் இல்லை, எழுதிய கை இல்லை, எழுத்தாவது இருக்கட்டுமே.

சுமையா எழுந்துவிட்டாள். அம்மா, கோபமாக இருந்தால் போய்விடு, நான் தடுக்க மாட்டேன். இல்லை... மேசைப் பக்கம் போகிறாள். வழிவிடுங்கள். நாற்காலியை நகர்த்துங்கள் தம்பி. அட்டைகளைத் திருப்புகிறாள். கேரி தீவுப் பவுனம்மாள் அக்கா தன் அட்டைப் பெட்டியைத் திறந்து அவள் முன்னால் வைக்கிறார். அதோ இன்னொரு பெட்டி. இன்னும் ஒன்று.

வாய்ப்பளித்த தலைவிக்கு நன்றி. பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம். யாராவது இந்த மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதமாகத் தேடுகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னவன், இப்போது இறங்கித் தேடப் போகிறேன்.