ஏழாவது கதவு

ரஃபி தம்பிக்கு,

கம்ப்யூட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ள அடுத்த வாரம் வருவதாகவும், எந்தெந்த ஆட்டக் கேசட்டுகளை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ய நானும் என் கணவரும் விரும்பி ஆடிய சாகச விளையாட்டுகள் எவை என்று சொல்லும்படியும் எழுதியிருந்தீர்கள். மொத்தம் மூன்று. முதல் இரண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்றாவதற்குக் கொஞ்சம் தாள் செலவாகும்.

எண்பத்தைந்தில் நீங்கள் இங்கிலாந்திலிருந்து படிப்பு முடித்து வந்து, கொண்டுவந்த கம்ப்யூட்டர் சலித்துப்போய், அதை உங்கள் அப்பாவின் தோல் பதனிடும் ஷெட்டில் தரம் பிரிக்கும் பகுதிக்குத் தலைவராக இருந்த என் கணவர் தானியேலிடம் கொடுத்தீர்கள். உங்கள் ஷெட்டுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. என் பள்ளிக்கூடத்துக்குச் சனி, ஞாயிறு. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் எங்களுக்குச் சேர்ந்தாற்போல் ஒரு விடுமுறை நாள் கிடைத்ததில்லை. அவர் வெள்ளிக்கிழமை முழுவதும் தோஸ்துகளோடு கேரம் ஆடுவார். ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகக் கோயிலுக்குப் போய் வருவேன். பிள்ளைகளும் இல்லை. சண்டையும் இல்லை. சண்டை போட ஆள் வீட்டில் இருக்க வேண்டுமே.

கம்ப்யூட்டர் வந்த பிறகு வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு நான் தெரு திரும்பும்போதே அவர் கேட்டருகில் நிற்பது தெரியும்.

"சீக்கிரம் வா டீச்சர். டேப்ப சுத்தி ரெடியா வச்சிருக்கேன்."

முதலாவது, பனிக்கோட்டை. படம் எதுவும் கிடையாது. பாலத்தின் முன் நிற்கிறாய், ஒரு குள்ளன் வழியை மறிக்கிறான் என்று டிவியில் எழுத்து வரும். ஆங்கிலத்தில் இரண்டிரண்டு சொல்லாகப் பதில் அடிக்க வேண்டும். உத்தரவு அவருடையது, அடிப்பது நான்.

"அவனுக்கு பிரியாணி குடுன்னு அடி."

அடித்தேன். அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்று பதில் வந்தது.

"பிரியாணி தெரியாத ஊர்ல புதையல் எடுத்து இன்னா பண்றது? வா, வேற ஆட்டம் போடலாம்" என்றார். ஆனால் மூன்று வாரத்தில் முடித்துவிட்டோம்.

இரண்டாவது, மூழ்கிய கப்பல். அதில் தண்ணீருக்குள் இருக்கும்போது எத்தனை மூச்சு பாக்கி என்று திரை கணக்குச் சொல்லும். அப்போதுதான் அவருக்கு மாடி ஏறினால் இளைக்கத் தொடங்கியது. "கப்பலுக்குள்ள போறது அவன், மூச்சு வாங்கறது எனக்கு" என்று சிரிப்பார். வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, ஆறு மாதத்துக்குள் அறுவை செய்துகொண்டால் இன்னும் இருபது வருடம் ஓடும், தாமதித்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். படுக்கை காலியாகும்போது கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். விலாசத்துக்கு என் பள்ளிக்கூடத்தைக் கொடுத்தேன்.

ஆயிரம் தோலைக் கையால் தடவிப் பார்த்தே தரம் சொல்கிற மனிதர், தன் தோலில் கத்தி படும் என்றதும் சின்னப் பிள்ளையாகிவிட்டார்.

"மூணாவது கேசட்ட முடிச்சிட்டு அட்மிட் ஆவறேன் டீச்சர். ஏழு கதவுதான். வாரத்துக்கு ஒண்ணுன்னாலும் ரெண்டு மாசம்."

நான் சரி என்றேன். எந்த மனைவியும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

மூன்றாவது, அந்த மடாலயம். நிலவறையில் ஏழு கதவுகள். ஆறு வாரத்தில் ஆறு கதவைத் திறந்தார். ஆறாவது கதவு திறந்த வெள்ளிக்கிழமை ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

"அடுத்த வாரம் முடிஞ்சிடும். ஆபரேஷன் ஆயி வந்ததும் பசங்ககூட ஏலகிரிக்குப் போவணும். பாவம், கேரம் போர்டு தூசி புடிச்சுக் கெடக்குதாம்."

"போய்ட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. அவர் ஷெட்டுக்குப் போன பிறகு, நீங்கள் விட்டுப்போன கம்ப்யூட்டர் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு ஆட்டங்களின் ப்ரோகிராமுக்குள் நுழைய முடியாது. மூன்றாவது மட்டும் வரி வரியாகப் படிக்கக்கூடியது, வேண்டிய வரியை மாற்றி டேப்பில் திரும்பப் பதிந்துகொள்ளலாம். ஏழாவது கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு தங்க மண்டபமும் ஒரு வாழ்த்துச் செய்தியும்தான் இருந்தன. அந்தக் கதவு ஏழாம் எண் சாவியைக் கேட்டது. அதை எட்டு என்று திருத்தினேன். எட்டாம் எண்ணில் அந்த ஆட்டத்தில் சாவியே இல்லை. குழந்தைகளின் பரீட்சைத் தாளில் நான் அதைவிட அதிகமாகத் திருத்தியிருக்கிறேன்.

நான்கு வாரம் அவர் அந்தக் கதவோடு மல்லுக்கட்டினார். எண்ணெய் போடச் சொன்னார், உதைக்கச் சொன்னார், மடாலயமாயிற்றே என்று ஜெபம் பண்ணக்கூடச் சொன்னார். நான் அடித்துக்கொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார். அவ்வளவு சிரிப்பு அந்த வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

ஐந்தாவது வாரம், "உடு டீச்சர், இது ஆவறதில்ல. ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்றார். அவர் மனம் தளர்வதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வழி வைத்து, அதற்குப் பின்னால் ஓர் அறையை நானே எழுதிச் சேர்த்தேன். சுண்ணாம்புக் குழிகள் நிறைந்த அறை.

அடுத்த வெள்ளிக்கிழமை சுவரைத் தடவச் சொன்னார். வழி திறந்தது.

"யம்மாடி. இத எழுதுனவன் கில்லாடி டீச்சர். சுண்ணாம்புல ஊறுன தோல் நாத்தத்த அப்டியே எழுதிருக்கான் பாரு. வெள்ளக்காரனுக்கு எப்டி தெரிஞ்சுது?"

"அங்கயும் தோல் ஷெட்டு இருக்குமில்லீங்க."

"இருந்தாலும் இவன் கைய குலுக்கணும்."

பதினாறு வருடத்தில் என் சமையலைக்கூட அவர் அப்படிப் புகழ்ந்ததில்லை. அதன் பிறகு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஓர் அறை எழுதினேன். மொத்தம் பன்னிரண்டு. கம்ப்யூட்டரில் இடம் போதாமல் போனபோது தங்க மண்டபத்தை அழித்துவிட்டேன். யாரும் அதுவரை போகப்போவதில்லையே.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதத்துக்கு, வேறு தேதி வேண்டும் என்று அவர் பெயரில் நானே பதில் போட்டேன். இரண்டாவது ஆறாம் மாதக் கடைசியில் வந்தது. திங்கட்கிழமை படுக்கை தயார் என்றிருந்தது. அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவர் ஆட்டத்தின் நடுவிலேயே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"முடியல டீச்சர். மூச்சு உட முடியல. லெட்டர் இன்னும் வர்லியா?"

"வரும்" என்றேன். கடிதம் மேசைமேல் என் கைப்பையில் இருந்தது. "இந்த ரூம முடிச்சிடலாங்க. பக்கத்துலதான் இருக்குது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, வடக்க போவச் சொல்லு."

அடுத்த வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஷெட்டு மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உங்கள் அப்பா அஹமது பாஷா சாஹிப்தான் வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த உபகாரத்தை மறக்கமாட்டேன். தாமதித்துவிட்டார் தானியேல், பிடிவாதக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் யாரையும் மறுத்துப் பேசவில்லை.

இருபது வருடம் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த இருபது வருட வெள்ளிக்கிழமைகளும் கேரம் போர்டுக்குப் போயிருக்கும். அந்த மடாலயத்தில் எனக்கு வந்தவை இருபத்து மூன்று. அவை முழுக்க என்னுடையவை.

முதல் இரண்டு கேசட்டுகளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வேண்டாம் தம்பி, அதற்கு முடிவு கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கடிதத்துக்கும் அந்தச் சனிக்கிழமையே ஆள் மூலம் பதில் கொடுத்தனுப்பினேன்: எங்களுக்கு அவசரமில்லை, படுக்கையை வேறு யாருக்காவது தரவும் என்று. என்னிடம் படித்த பெண் ஒருத்தி அங்கே நர்ஸாக இருக்கிறாள். கலவை ஊரிலிருந்து வந்த ஒருவருக்கு அந்தப் படுக்கை கிடைத்ததாம். அறுவை நல்லபடியாக முடிந்து, அந்த மனிதர் இப்போது சைக்கிள்கூட ஓட்டுகிறாராம். நான் மட்டும் அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் பிழைத்திருக்க மாட்டார். முகம் தெரியாத ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம் என்ற நிறைவில்தான் நான் தினமும் நிம்மதியாகத் தூங்குகிறேன்.