மாங்கேணியில் இருந்த அதே விலாசம்

கடலுக்குப் போகிறவர்கள் பேச்சில் கஞ்சத்தனம் பார்க்கமாட்டார்கள், ஐயா. விடியற்காலையிலும் சுகம் விசாரித்து, முதல்நாள் என்ன கறி என்பது வரை கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மீனவர் சங்கங்களுக்குக் காற்று, கடல் அறிவிப்பு அனுப்பும் சிறிய நிலையம் எங்களுடையது. மட்டக்களப்பு நகரில் அதன் கணினிகளை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டேன். தினமும் விடியற்காலை நாலரைக்கு மாங்கேணிச் சங்கத்துச் சிவதர்ஷன் அழைப்பான். "கிளோட் அண்ணன், இண்டைக்குப் போகலாமா?" போகலாம் என்றால் வள்ளங்கள் கடலில் இறங்கும். வேண்டாம் என்றால் இறங்காது. மனைவி பிள்ளை இல்லாத எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

பிறகு விதுர்ஷா வேலைக்கு வந்தாள். கெட்டிக்காரி, இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். சங்கத்துக் கணினிகளை, நகரத்து நிலையத்தில் எல்லாக் கோப்பும் இருக்கும் தாய்க்கணினியான சேவரோடு இணைத்து, 'இன்று' என்று ஒரு பெயரை வைத்தாள். அதைத் தட்டினால் அன்றைய அறிவிப்பு திரையில் வரும். இரண்டாவது வாரமே சிவதர்ஷன் சொன்னான்: "இனி உங்களக் கரச்சல்படுத்தத் தேவல்ல அண்ணன். தங்கச்சி செஞ்சி தந்ததில எல்லாம் வருது."

அவன் 'தங்கச்சி' என்றது எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமைதான். வேறு பெயர் தேடி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன்.

அந்த 'இன்று' ஒரு கோப்பு அல்ல. கோப்பு இருக்கும் இடத்தின் விலாசம் மட்டும்தான். சேவர் விலாசத்தைக் கொடுக்கும். போய்த் திறப்பது வாசிக்கிற கணினியின் வேலை. 'சேர்ச் றோட், மூன்றாம் வீடு' என்று ஊர்ப்பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தால், வாங்கியவன் தன் ஊர்ச் சேர்ச் றோட்டுக்குத்தானே போவான். மாங்கேணிக் கணினியில் அந்த விலாசம் நகரத்துச் சேவருக்கே போகும்படி விதுர்ஷா தொடுத்து வைத்திருந்தாள்.

கார்த்திகையில் ஒரு பின்னேரம், மறுநாளைக்குப் பலத்த காற்று என்று அறிவிப்பு தயாராகியிருந்தது. கணினி துப்புரவு செய்வதாகச் சொல்லி மாங்கேணிக்குப் போனேன். அவள் தொடுத்ததைக் கழற்றிவிட்டு, அந்தக் கணினிக்குள்ளேயே அதே விலாசத்தில் ஒரு கோப்புப் பெட்டியைப் புதிதாக உண்டாக்கினேன். அதற்குள் போன வாரத்துக் 'கடல் அமைதி' அறிவிப்பைப் போட்டேன். திகதியை மட்டும் திருத்தினேன். விதுர்ஷாவின் கோப்பில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

யாரையும் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. வானம் ஒன்று சொல்லி, திரை இன்னொன்று சொன்னால், சந்தேகத்தில் என்னைத்தானே கேட்பார்கள் என்று நினைத்தேன். மறுநாள் விடியற்காலை மூன்றரையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லியிருப்பேன். நாலரை ஆனது. ஐந்தும் ஆனது. சிவதர்ஷனின் இலக்கம் என்னிடம் இருந்தது. ஆனால் ஒன்பது வருடத்தில் ஒருநாளும் நான் முதலில் அழைத்ததில்லை.

திரையை நம்பிக் கடலுக்குப் போனவர்களில் நான்கு பேர் திரும்பி வரவில்லை. சிவதர்ஷனின் உடலை மூன்றாம் நாள் கரையில் எடுத்தார்கள். அதற்குள் நான் மாங்கேணிக்குப் போய், எல்லாவற்றையும் பழையபடி தொடுத்துவிட்டேன்.

பிழை விதுர்ஷாவின் இணைப்பில் என்று உங்கள் விசாரணைக் குழு அறிக்கையில் எழுதியது. நான் அப்படியே பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அவள் அழுதுகொண்டு போனாள். சிவதர்ஷனின் தாய் அன்னப்பூரணி அவளைக் கட்டிப்பிடித்து, "அழாத மகள், உன்ன நம்பித்தானே போனான்" என்றார். நான் ஐந்தடி தள்ளி நின்றேன். நான் யார் என்றுகூட அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

உங்கள் அறிக்கையில் அந்தப் பிழையைத் திருத்தி எழுதுங்கள், ஐயா. அவர்கள் அவளை நம்பிப் போகவில்லை. மாங்கேணி வள்ளங்களை அன்றைக்கும் போகச் சொன்னது நான்தான்.